நிறுவலும் ஏற்றலும்

ஆக்டேவ் விலையின்றிக் கிடைக்கும் கணித மென்பொருள். வேதிப் பொறியியல் பேராசிரியர் ஆக்டேவ் லெவன்ஸ்பீலின் பெயர் தாங்கியது. படங்களைத் திருத்தும் செயற்கூறுகள் பல, ‘இமேஜ்’ என்னும் தனித் தொகுப்பில் அடங்கியுள்ளன. மாணவன் ஒருவன் அத்தொகுப்பை நிறுவுகிறான், பிழையேதும் இல்லை. மறுநாள் படமொன்றின் அளவைக் குறைக்க முயல்கிறான். அச்செயற்கூறு வரையறுக்கப்படவில்லை என்கிறது கணினி. நிறுவல் பழுதுற்றதென எண்ணித் தொகுப்பை நீக்கி, மீண்டும் நிறுவுகிறான், அதே விடை! மாலைப்பொழுது கழிகிறது.

பழுது அங்கன்று. நிறுவுதல், நூலை வாங்கி அலமாரியில் வைத்தலை ஒக்கும். ஏற்றுதலோ அதனை எடுத்து விரித்தல். ஆக்டேவைத் திறக்குந்தோறும் ‘பிகேஜி லோட் இமேஜ்’ என்னும் கட்டளையால் தொகுப்பை ஏற்றுதல் வேண்டும். விந்தை யாதெனில், தொகுப்பு நிறுவப்பட்டும் ஏற்றப்படவில்லை என்பதை அப்பிழையோடு சேர்த்தே கணினி அறிவித்திருந்தது. அவன்தான் அவ்வரியைப் படிக்கவில்லை. மறதியுடையோர் அக்கட்டளையை ஆக்டேவின் தொடக்கக் கோப்பில் எழுதி வைத்துவிடலாம்.