சித்திரை: ஒன்றாய்த் தோன்றும் இரண்டு

உரைநடை உலகம்

நுழையும்முன்

தமிழகத்தை விட்டு எங்குச் சென்று வாழ்ந்தாலும் தமிழர் வீட்டுச் சுவரில் தமிழ் நாட்காட்டி ஒன்று தொங்குகிறது. அதில் ஆண்டின் முதல் திங்களாக நிற்பது சித்திரை. அப்பெயர் எங்கிருந்து வந்தது எனக் கேட்டால் பலரும் விடை கூறத் தயங்குவர். அது வானில் ஒளிரும் ஒரு விண்மீனின் பெயர். அவ்விண்மீனைக் கண்டோர் பலர். அது ஒன்றன்று, இரண்டு என அறிந்தோர் சிலர். ஒளிப்புள்ளி ஒன்றைக் கொண்டே அதன் உண்மை அறியப்பட்ட வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

பெயர் வந்த வழி

பண்டைத் தமிழர் வானொளிகளை இருவகையாகப் பகுத்தனர். தம்முள் இடம் மாறாது நிற்பவற்றை நாள்மீன் என்றும், இடம் மாறிச் செல்பவற்றைக் கோள்மீன் என்றும் அழைத்தனர். நூல்களில் இவை நாண்மீன், கோண்மீன் எனவும் வழங்கும். நிலவின் பாதையை ஒட்டி அமைந்த இருபத்தேழு நாள்மீன்களுள் ஒன்று சித்திரை.

முழுநிலவு எந்த நாள்மீனுக்கு அருகில் நிற்கிறதோ, அந்நாள்மீனின் பெயரைத் திங்களுக்கு இடுவது பழைய வழக்கம். சித்திரைத் திங்களில் முழுநிலவு சித்திரை விண்மீனை ஒட்டி நிற்கும். சிலப்பதிகாரமும் புகார் நகரின் இந்திர விழாவை இந்த முழுநிலவு நாளோடு சேர்த்தே கூறுகிறது. மேலைநாட்டார் இதே விண்மீனை ஸ்பைகா என்பர். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்குத் தானியக் கதிர் என்பது பொருள். கன்னி விண்மீன் கூட்டத்தில் மிகுந்த ஒளியுடையது இதுவே.

வானில் காணும் முறை

சித்திரையைக் காண்பது எளிது. வடவானில் ஏழு முனிவர் எனப்படும் விண்மீன் கூட்டம் அகப்பை வடிவில் இருக்கும். அகப்பையின் காம்பு சற்று வளைந்திருக்கும். அவ்வளைவைக் கண்ணால் நீட்டிக்கொண்டு சென்றால், செம்மஞ்சள் நிறமுடைய சுவாதி முதலில் தென்படும். அதே வளைவில் மேலும் தெற்கே சென்றால், நீலங்கலந்த வெண்ணிறத்தில் சித்திரை ஒளிரும்.

சித்திரைத் திங்களின் இறுதியில், இரவு 10 மணியளவில் இது தென்திசையில் தன் உச்ச நிலையை அடையும். அப்போது சென்னையில் நிற்பவருக்குத் தொடுவானிலிருந்து ஏறத்தாழ 66 பாகை உயரத்திலும், தில்லியில் நிற்பவருக்கு ஏறத்தாழ 50 பாகை உயரத்திலும் காட்சி தரும். ஊர் மாறினால் உயரம் மாறும், விண்மீன் மாறுவதில்லை.

நிறம் கூறும் வெப்பம்

குளியலறைக் குழாய்களில் வெந்நீருக்குச் சிவப்பும் தண்ணீருக்கு நீலமும் அடையாளமாக இடப்படுகின்றன. இதனால் நீலம் என்றாலே குளிர்ச்சி என்னும் எண்ணம் மனத்தில் பதிந்துவிடுகிறது. விண்மீன்களில் நிலைமை நேர்மாறானது.

கொல்லனின் உலைக்களத்தில் இரும்பு காய்வதைக் கண்டவர் இதனை எளிதில் உணர்வர். சூடேறும் இரும்பு முதலில் செந்நிறம் பெறும். வெப்பம் மிக மிக மஞ்சளாகும். பின்னர் வெளுக்கத் தொடங்கும். அதனினும் பன்மடங்கு வெப்பமுடைய பொருளின் ஒளியில் நீலம் மேலோங்கும். சூரியனின் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 5,500 பாகை செல்சியஸ். சித்திரையில் பெரிய விண்மீனின் மேற்பரப்பு வெப்பமோ ஏறத்தாழ 25,000 பாகை செல்சியஸ். அது வெளிவிடும் ஆற்றலின் பெரும்பகுதி கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிர்களாகவே செல்கிறது.

நிறத்தைவிட நுட்பமாக வெப்பத்தை அறியவும் வழி உண்டு. விண்மீனின் ஒளியை முப்பட்டகம் போன்ற கருவியால் பிரித்தால் நிறமாலை கிடைக்கும். அதன் இடையிடையே மெல்லிய கருங்கோடுகள் காணப்படும். விண்மீனின் வெளியடுக்கில் உள்ள தனிமங்கள் ஒளியின் சில பகுதிகளை உறிஞ்சுவதால் அவை உண்டாகின்றன. வெப்பநிலைக்கும் அக்கோடுகளுக்கும் உள்ள தொடர்பை 1920ஆம் ஆண்டில் கணித வாய்பாட்டால் விளக்கியவர் இந்திய அறிவியலறிஞர் மேகநாத சாகா. சித்திரையின் நிறமாலையில் ஹீலியத்தின் கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன. வெப்பம் மிக்க நீலவெண் விண்மீன்களுக்கு உரிய அடையாளம் அது.

ஒன்று இரண்டான கதை

தொடர்வண்டி நிலையத்தில் நிற்காமல் கடந்து செல்லும் வண்டியின் ஊதொலியைக் கேட்டவர் ஒரு மாற்றத்தைக் கவனித்திருப்பர். வண்டி நெருங்கும்போது ஒலி கூர்மையாகவும், விலகும்போது தாழ்ந்தும் கேட்கும். ஒளியிலும் இவ்வாறே நிகழும். விண்மீன் நெருங்கி வந்தால் அதன் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கமும், விலகிச் சென்றால் சிவப்புப் பக்கமும் சிறிது நகரும்.

செருமனி நாட்டின் பாட்ஸ்டாம் வானாய்வகத்தில் பணியாற்றிய எர்மான் கார்ல் வோகல், சித்திரையின் நிறமாலையை ஒளிப்படங்களாக எடுத்து ஆராய்ந்தார். கோடுகள் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒருமுறை நீலப் பக்கமும் மறுமுறை சிவப்புப் பக்கமுமாக, ஏறத்தாழ நான்கு நாளுக்கு ஒருமுறை ஊசலாடின. தனித்து நிற்கும் விண்மீன் இவ்வாறு முன்னும் பின்னும் செல்லக் காரணம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று அதனை ஈர்க்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. 1890ஆம் ஆண்டில் வோகல் கண்டறிந்த உண்மை இது. பின்னாளில் துணை விண்மீனின் கோடுகளும் நிறமாலையில் இனங்காணப்பட்டன.

தொலைநோக்கியால் பார்த்தாலே இரண்டும் தெரியாவோ என்னும் ஐயம் எழலாம். சித்திரை ஏறத்தாழ 250 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அத்தொலைவில் அவ்விரண்டிற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு சிறியதாகத் தோன்றும்? சென்னையில் ஒருவர் சுண்டுவிரலை உயர்த்திப் பிடிக்க, தில்லியிலிருந்து அவ்விரலின் அகலத்தைக் காண முயல்வது போன்றது அது. எனவேதான் எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் கண்ணுக்குச் சித்திரை ஒற்றைப் புள்ளியாகவே தோன்றுகிறது.

அளவு கண்ட கருவி

நிறமாலை இயக்கத்தைக் கூறியது. விண்மீனின் பருமனை அளக்க வேறொரு கருவி தேவைப்பட்டது. அதனை அமைத்த அறிஞர்களுள் முதன்மையானவர் இராபர்ட் ஹான்பரி பிரௌன். அவர் 1916ஆம் ஆண்டில் நீலகிரி மலையிலுள்ள அருவங்காட்டில் பிறந்தவர்.

ஆஸ்திரேலியாவின் நாரப்ரி என்னும் ஊரில், 188 மீட்டர் விட்டமுள்ள வட்டமான இருப்புப்பாதை ஒன்று இடப்பட்டது. அதன்மீது ஒவ்வொன்றும் 6.5 மீட்டர் அகலமுடைய இரண்டு ஒளித்திரட்டிகள் நகர்ந்தன. இரண்டும் ஒரே விண்மீனின் ஒளியைத் திரட்டும். அவ்வொளியில் உள்ள மிக நுண்ணிய ஏற்ற இறக்கங்கள் இரு திரட்டிகளிலும் எந்த அளவு ஒத்திருக்கின்றன என்று ஒப்பிடப்படும். திரட்டிகளை விலக்க விலக்க அவ்வொப்புமை குறையும். அது குறையும் விதத்திலிருந்து விண்மீனின் தோற்ற அளவு கணக்கிடப்படும். இம்முறையில் 32 விண்மீன்கள் அளக்கப்பட்டன. அவற்றுள் சித்திரையும் ஒன்று. அதுபற்றிய முடிவுகள் 1971ஆம் ஆண்டில் வெளியாயின.

இரட்டையரின் இயல்புகள்

இவ்வாறு பல வழிகளில் திரட்டப்பட்ட செய்திகள் சித்திரையின் இயல்பைத் தெளிவாக்குகின்றன.

பெரிய விண்மீன்: நிறை, சூரியனைப்போல் ஏறத்தாழ 11 மடங்கு. விட்டம் 7 மடங்கிற்கும் சற்று மிகுதி. வெளிவிடும் ஆற்றல் ஏறத்தாழ 20,000 மடங்கு.

துணை விண்மீன்: நிறை ஏறத்தாழ 7 மடங்கு. விட்டம் 4 மடங்கிற்குச் சற்றுக் குறைவு. வெளிவிடும் ஆற்றல் 2,000 மடங்கிற்கும் மிகுதி. மேற்பரப்பு வெப்பம் 20,000 பாகை செல்சியசுக்கும் மேல்.

இவை இரண்டிற்கும் உள்ள சராசரித் தொலைவு ஏறத்தாழ 2 கோடி கிலோமீட்டர். சூரியனுக்கும் புதனுக்கும் உள்ள தொலைவில் இது மூன்றில் ஒரு பங்கே ஆகும். இத்துணை அருகில், இரவும் பகலும் இல்லாத வெளியில், இரண்டும் சுழன்று சுழன்று ஒன்றையொன்று சுற்றுகின்றன. நான்கு நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

நிலவின் ஈர்ப்பால் கடல்நீர் மேலெழுவதைப் போல, இவ்விரு விண்மீன்களும் ஒன்றின் ஈர்ப்பால் மற்றொன்று நீள்கின்றன. ஆகவே அவை உருண்டையாக இல்லை. முட்டை வடிவில் உள்ளன. இந்த ஓயாச் சுழற்சியில் முட்டையின் அகன்ற பக்கமும் குறுகிய பக்கமும் மாறி மாறிப் புவியை நோக்குவதால், சித்திரையின் ஒளி சிறிதளவு கூடிக் குறைகிறது. கருவிகளே அம்மாற்றத்தை உணரும்.

வரவும் செலவும்

எரிபொருள் மிகுதியாக உள்ள விண்மீன் நெடுங்காலம் வாழும் எனத் தோன்றலாம். உண்மை அவ்வாறில்லை. பதினொரு மடங்கு இருப்புடைய குடும்பம் இருபதாயிரம் மடங்கு செலவு செய்தால் அவ்விருப்பு எத்தனை நாள் நிற்கும்? சூரியனின் வாழ்நாள் ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகள். சித்திரையின் பெரிய விண்மீன் போன்றவையோ சில கோடி ஆண்டுகளிலேயே எரிபொருளைத் தீர்த்துவிடும். இறுதியில் அது பெருவெடிப்புடன் அழியக்கூடும் என்பது அறிஞர் கருத்து. தொலைவு மிகுதியாதலால் புவிக்கு அதனால் தீங்கு நேராது.

இன்றிரவு கண்ணில் படும் சித்திரையின் ஒளி, ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. வேலு நாச்சியார் சிவகங்கையை இழந்து, திண்டுக்கல் பகுதியில் தங்கி, நாட்டை மீட்கப் படை திரட்டிக்கொண்டிருந்த காலம் அது. அவர் சிவகங்கையை மீட்டதும் அதற்குப்பின் நடந்தவை அனைத்தும் இங்கு நிகழ்ந்து முடியும்வரை அவ்வொளி வழியிலேயே இருந்தது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது தமிழ்ப் பழமொழி. சித்திரையைப் பொறுத்தவரை கண் பொய் சொல்லவில்லை; தன்னால் இயன்ற அளவு கூறியது. எஞ்சியதை வோகலின் ஒளிப்படமும் சாகாவின் வாய்பாடும் நாரப்ரியின் திரட்டிகளும் விசாரித்து அறிந்தன. நாட்காட்டியில் உள்ள ஒரு சொல்லின் பின்னே, ஒருவரையொருவர் விடாது சுற்றிவரும் இரு பெருஞ்சுடர்கள் உள்ளன.

தெரிந்து தெளிவோம்

இந்திய நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் தலைவராக இருந்தவரும் மேகநாத சாகாவே. அக்குழு 1955ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தது. நாள்மீன்களின் வட்டத்திற்குத் தொடக்கப்புள்ளியைக் குறிக்க, சித்திரை விண்மீனுக்கு எதிர்ப்புறத்தில் அமைந்த புள்ளி அடிப்படையாகக் கொள்ளப்பட்டது.

சொல்லும் பொருளும்

திங்கள் – மாதம், நிலவு
நாள்மீன் – நட்சத்திரம்
கோள்மீன் – கிரகம்
உலைக்களம் – கொல்லர் இரும்பைக் காய்ச்சும் இடம்
நிறமாலை – ஒளி பிரிந்து தோன்றும் நிற வரிசை
ஒளியாண்டு – ஒளி ஓராண்டில் செல்லும் தொலைவு, ஏறத்தாழ 9.46 இலட்சம் கோடி கிலோமீட்டர்

இலக்கணக் குறிப்பு

சித்திரைத் திங்கள் – இருபெயரொட்டுப் பண்புத்தொகை
செந்நிறம் – பண்புத்தொகை
சுழன்று சுழன்று – அடுக்குத்தொடர்
இரவும் பகலும் – எண்ணும்மை
ஓயாச் சுழற்சி – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. சித்திரை இரட்டை விண்மீன் எனக் கண்டறிந்தவர்
(க) மேகநாத சாகா (ங) வோகல் (ச) ஹான்பரி பிரௌன்

2. நாண்மீன் என்னும் சொல்லைப் பிரித்தால் கிடைப்பது
(க) நாண் + மீன் (ங) நாள் + மீன் (ச) நா + மீன்

3. மிகுந்த வெப்பமுடைய விண்மீனின் நிறம்
(க) சிவப்பு (ங) மஞ்சள் (ச) நீலவெண்மை

ஆ. ஓரிரு தொடரில் விடை எழுதுக.

1. சித்திரைத் திங்களுக்கு அப்பெயர் வந்தது எவ்வாறு?
2. சித்திரை விண்மீன்கள் முட்டை வடிவில் இருப்பதற்குக் காரணம் யாது?
3. நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கம் நகர்வது எதனைக் காட்டுகிறது?

இ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.

1. நிறை மிகுந்த விண்மீனின் வாழ்நாள் குறைவாக இருப்பது ஏன்? பாடத்தில் வரும் உவமையைக் கொண்டு விளக்குக.
2. 'தீர விசாரிப்பதே மெய்' என்னும் பழமொழி சித்திரையின் வரலாற்றுக்கு எவ்வாறு பொருந்துகிறது?

கற்பவை கற்றபின்

கையை முழுவதும் நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால், அதன் அகலம் வானில் ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். சித்திரைத் திங்களின் இறுதியில், இரவு 10 மணிக்குப் பெரியவர் ஒருவர் துணையுடன் மொட்டைமாடிக்குச் சென்று, சித்திரை விண்மீன் தொடுவானிலிருந்து எத்தனை முட்டி உயரத்தில் உள்ளது என அளந்து குறித்துக்கொள்க. அதே இரவில், அதே நேரத்தில், சொந்த ஊரிலுள்ள தாத்தா, பாட்டி அல்லது உறவினர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, அவர்களையும் அளந்து கூறச் செய்க. இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டு, வேறுபாட்டிற்கான காரணத்தைப் பத்து வரிகளில் எழுதுக.