மாநில அட்டை அறுவைக்கு ஏன் செல்லவில்லை?

கேள்வி: அம்மாவுக்குக் கண்புரை. மாநில அரசு கொடுத்த மருத்துவ அட்டையை அரசு ஆஸ்பத்திரியில் காட்டினால், இங்கே செல்லாது என்கிறார்கள். காப்புறுதி என்றுதானே எல்லாரும் சொன்னார்கள்? யார்தான் பொறுப்பு?
- வாசகி, அசாம் ஜாவா, சிலாங்கூர்

பதில்: அந்த அட்டை காப்புறுதியே அல்ல. மலேசிய அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி மருத்துவமனை, கிளினிக், காப்புறுதி எல்லாமே கூட்டரசின் கையில். பொதுச் சுகாதாரமும் நோய்த்தடுப்பும் மட்டுமே இரு அரசுக்கும் பொது. சிலாங்கூர் செய்வது வேறு. தன் பட்ஜெட்டிலிருந்து ஒரு தொகையை அட்டையில் போட்டு, தனியார் கிளினிக்கில் காட்டிக்கொள்ளச் சொல்கிறது. 2017இல் 'பெடுலி சிஹாட்' என்று தொடங்கியபோது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 500 ரிங்கிட். பிறகு அதன் இடத்துக்கு 'இல்திசாம் சிலாங்கூர் சிஹாட்' வந்தது. காய்ச்சல், இருமலுக்குச் சரி. அறுவைக்கு எட்டாது.

அறுவைச் செலவைப் பெரும்பாலும் கூட்டரசே சுமக்கிறது. குடிமக்களுக்கு மூன்றாம் வகுப்பு வார்டில் நாளுக்கு 3 ரிங்கிட்தான். கையைக் கடிப்பது கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் போன்ற பொருள்கள். அதற்குத்தான் 2019இல் கூட்டரசு கொண்டுவந்த 'பெக்கா பி40' இருக்கிறது. 40 வயதும் அதற்கு மேலும் ஆன எஸ்.டி.ஆர். (கூட்டரசின் ரொக்க உதவி) பெறுநருக்கும் அவர் துணைக்கும் மருத்துவக் கருவிகளுக்கு 20,000 ரிங்கிட் வரை உதவி உண்டு. இலவச உடல் பரிசோதனையும் உண்டு.

தமிழ்நாட்டில் கதை தலைகீழ். அங்கே சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தை மாநிலமே தொடங்கியது. அதன் இடத்துக்குப் பிறகு வந்த மாநிலத் திட்டம் 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தபின், மத்தியத் திட்டத்தில் சேரும் குடும்பங்களுக்கான செலவில் 60 விழுக்காடு டெல்லியுடையது, 40 சென்னையுடையது. அந்த அட்டையை அறுவைக்கே நீட்டலாம்.

மலேசியத் தோட்டத்தில் டிரஸர் (மருத்துவ உதவியாளர்) ஊசி போட்ட காலத்தில் இந்தக் குழப்பம் இல்லை. வைத்தியம் நிர்வாகத்தின் பொறுப்பு. (வைத்தியம் எப்படி இருந்தது என்பது வேறு கதை.) இப்போது தோட்டத்தை விட்டு வந்த ஒரு மூதாட்டி இரண்டு அரசிடம், இரண்டு பட்டியலில், தனித்தனியே பெயரைப் பதிய வேண்டியிருக்கிறது. மாநில அட்டை கிடைத்ததே என்று எஸ்.டி.ஆருக்கு விண்ணப்பிக்காமல் விட்டால், பெக்கா பி40 கைநழுவிப் போகும். இரண்டையும் ஒரே பதிவாக்காதது அரசுகளின் சோம்பல்தான்.

வாசகி முதலில் தாயாரின் பெயர் எஸ்.டி.ஆரில் இருக்கிறதா என்று பார்க்கட்டும். இருந்தால், லென்ஸைக் கைக்காசில் வாங்குமுன் கண் மருத்துவரிடம் பெக்கா பி40 விண்ணப்பம் பற்றிக் கேட்கட்டும். இல்லையென்றாலும் ஆஸ்பத்திரியின் மருத்துவச் சமூகப்பணிப் பிரிவில் உதவி கோரலாம்.