மீத்தேன் ஆய்வகத்தில் சேரப் போகிறீர்களா?

வேதியியலோ வேதிப் பொறியியலோ முடித்துவிட்டு வினையூக்கி ஆய்வுக்கு வரும் மாணவர்களுக்கு, மீத்தேனிலிருந்து பென்சீன் எடுக்கும் திட்டம் கிடைத்தால் விடவேண்டாம் என்பேன். 1993-இல் சீனாவின் டாலியன் வேதி இயற்பியல் நிறுவனத்தார், மாலிப்டினம் ஏற்றிய இசட்எஸ்எம்-5 ஜியோலைட்டின் மேல், ஆக்சிஜனே சேர்க்காமல் சுமார் 700 டிகிரி செல்சியஸில் இதைச் செய்துகாட்டினார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அது வணிக ஆலையாகவில்லை. ஏன் என்று தெரிந்துகொண்டு ஆய்வகத்துக்குள் போங்கள்.

முதல் தடை வெப்ப இயக்கவியல். அந்தச் சூட்டில் வேதிச் சமநிலை அனுமதிப்பதே ஏறக்குறைய 12 சதவீத மாற்றம்தான். இரண்டாவது தடை கரி. மாலிப்டினம் கார்பைடாக மாறி மீத்தேனை உடைக்கிறது. ஜியோலைட்டின் அமிலத் தளங்கள் துண்டுகளை வளையமாகக் கோக்கின்றன. துளையின் அகலம் சுமார் 5.5 ஆங்ஸ்ட்ராம், பென்சீன் நுழைந்து வெளியேற ஏற்ற அளவு. அதைவிடப் பெரிய வளையங்கள் வளர்ந்து கரியானால் துளைவாய் அடைபடும், சில மணி நேரத்திலேயே வினையூக்கி சோர்ந்துவிடும்.

1980-களில் நியூசிலாந்தின் மோட்டுனுயில் இதே ஜியோலைட்டைக் கொண்டு இயற்கை எரிவாயுவிலிருந்து பெட்ரோல் தயாரித்தார்களே என்று கேட்கலாம். அங்கே மீத்தேன் முதலில் மெத்தனாலானது. மெத்தனால்தான் ஜியோலைட்டைத் தொட்டது. நேர்காணலில் இந்த இரண்டு வழிகளையும் குழப்பிவிடாதீர்கள்.

இனி வேலை. நீங்கள் முதலில் கைதேற வேண்டியது கார்பன் கணக்கில். 6 மீத்தேன் சேர்ந்து ஒரு பென்சீனும் 9 ஹைட்ரஜனும் ஆகும்போது, 6 பங்கு வாயு 10 பங்காகப் பெருகுகிறது. உள்ளே போன ஓட்டத்தையே வெளியே வருவதற்கும் வைத்துக் கணக்கிட்டால் எல்லா எண்ணும் தவறிப்போகும். மீத்தேனோடு குறிப்பிட்ட அளவு நைட்ரஜன் கலந்து, ஜி.சி. (வாயு நிறப்பிரிகை) கருவியில் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் வராத கார்பன் பெரும்பாலும் கரியாகப் படிந்திருக்கும், சூடேற்றும்போது எடை மாறுவதை அளக்கும் டி.ஜி.ஏ. கருவியில் எரித்துச் சரிபாருங்கள். நாஃப்தலீன் குழாயில் உறைந்து நின்றாலும் கார்பன் குறையும். அதனால் உலையிலிருந்து ஜி.சி. வரையிலான குழாயை 200 டிகிரிக்கு மேல் சூடாகவே வைத்திருப்பது நல்லது. மாற்ற சதவீதத்தை மட்டும் போட்டு, நேரத்தோடு அது எப்படிச் சரிந்தது என்று காட்டாத ஆய்வுக்கட்டுரையை நான் நம்புவதில்லை. நீங்களும் அப்படி ஒன்றை எழுதாதீர்கள்.

சோர்ந்த வினையூக்கியை மீட்க உலையிலேயே கரியை எரிப்பீர்கள். அதற்குக் காற்றைத் திறக்குமுன் நைட்ரஜனால் உலையை முழுக்கக் கழுவுங்கள். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்தால் வெடிக்கும். எரிக்கும்போது சூடு எல்லை மீறினால் மாலிப்டினம் ஆக்சைடாக ஆவியாகித் தப்பிவிடும். பென்சீன் புற்றுநோய் தரும் பொருள். வெளியேறும் வாயுவைப் புகை உறிஞ்சும் கூண்டுக்குள்தான் விடவேண்டும்.

சென்னை ஐ.ஐ.டி.யின் தேசிய வினையூக்கி ஆய்வு மையம், புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகம், டேராடூனின் இந்தியப் பெட்ரோலிய நிறுவனம் ஆகியவை வினையூக்கிப் பயிற்சிக்குப் பெயர்பெற்றவை. மீத்தேன் திட்டம் முடிந்துபோனாலும் இந்தத் திறன் வீண்போகாது. மணலி உட்படப் பல சுத்திகரிப்பு ஆலைகளின் கிராக்கிங் அலகுகள் ஜியோலைட்டை நம்பித்தான் ஓடுகின்றன. அங்கேயும் கரிதான் அன்றாடத் தலைவலி.

சேருவதற்கு முன் வழிகாட்டிப் பேராசிரியரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: உலை இரவிலும் தொடர்ந்து ஓட அனுமதி உண்டா? ஜி.சி. உங்கள் குழுவுக்கே உரியதா, பலர் பகிர்வதா? பலர் பகிர்வது என்றால் உங்கள் முறை எந்த நாளில் என்பதை அன்றே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.