தலைக்கு டை: எத்தனை நாளுக்கு ஒருமுறை?

வகிட்டில் வெள்ளைக் கோடு தெரிந்ததுமே டை பாக்கெட்டைத் தேடுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

1. ஒருமுறை டை போட்டதற்கும் அடுத்த முறைக்கும் நடுவே 4 முதல் 6 வாரம் இடைவெளி விடுங்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ.தான் வளரும். போட்ட தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டால் அவசரப்பட மாட்டீர்கள்.

2. வேரோரம் புதிதாக வளர்ந்த பகுதிக்கு மட்டும் பூசுங்கள். ஒவ்வொரு முறையும் நுனிவரை இழுத்தால் முடி வறண்டு தேங்காய் நார்தான்.

3. கல்யாணம், விசேஷம் என்றால் 3, 4 நாள் முன்பே போடுங்கள். நெற்றியோரமும் காது மடலிலும் ஒட்டிய கறை அதற்குள் போய்விடும்.

4. ஒவ்வொரு முறையும் 48 மணி நேரத்துக்கு முன்பே காதுக்குப் பின்னால் துளி தடவிப் பாருங்கள். பல வருஷம் ஒத்துக்கொண்ட டையும் திடீரென அலர்ஜி ஆகலாம். பெரும்பாலும் பி.பி.டி. என்ற ரசாயனமே காரணம். 'கருப்பு மருதாணி' என்று விற்கும் பல பொடிகளிலும் இது உண்டு. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அரிப்போ வீக்கமோ வந்தால் அந்த டை வேண்டாம்.

5. கலந்த மிச்சத்தை மூடி வைக்காதீர்கள். வாயு சேர்ந்து டப்பா வெடிக்கலாம்.

6. இடையில் ஓரிரு நரை எட்டிப் பார்த்தால் வகிட்டை மாற்றிச் சீவுங்கள், போதும்.

7. புருவத்துக்கும் இமைக்கும் தலை டை கூடவே கூடாது. கண்ணுக்கு ஆபத்து.