கைக்குப் பட்டை போடலாம், கையையே கட்டிப்போடலாமா?

விருத்தாசலம் பீங்கான் பொம்மைகளைப் பார்த்திருப்பீர்கள். களிமண் கரைசலை அச்சில் ஊற்றி, இறுகியதும் எடுத்து, விளிம்பைச் சின்னக் கத்தியால் சீவுவார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நாளெல்லாம் கிள்ளிப் பிடித்தபடியே இருக்கும். வீட்டில் காய் நறுக்கி, துணி பிழியும் கைக்கும் இதே கதைதான்.

மணிக்கட்டு வலித்ததும் மருந்துக் கடையில் ஒரு பட்டை வாங்கி மாட்டிக்கொள்கிறோம். "போட்டா சுகமா இருக்கு டாக்டர், கழட்டவே மனசு வரல" என்பார்கள். அங்கேதான் கவனம் தேவை!

பட்டை என்ன செய்கிறது?

ஒரு சின்னப் பரிசோதனை. மணிக்கட்டை உள்பக்கமாக நன்றாக மடக்கிக்கொண்டு பென்சிலை இறுகப் பிடியுங்கள். பிடி நிற்காது. மணிக்கட்டைச் சற்றே பின்னால் நிமிர்த்திப் பிடியுங்கள். பலம் வந்துவிடும்! விரல்களை மடக்கும் தசைநார்கள் முன்கையிலிருந்து மணிக்கட்டைத் தாண்டி வருவதே காரணம். பட்டை மணிக்கட்டை நேராக நிறுத்தி, நரம்புக்கும் நாருக்கும் ஓய்வு தருகிறது.

ஆனால், தோசையைத் திருப்ப மணிக்கட்டு வளைய வேண்டுமே? அது வளையாவிட்டால் முழங்கையும் தோளும் அந்த வேலையைச் செய்யும். மாதக்கணக்கில் போட்டுக்கிட்டே இருந்தா தோள் வலிக்கும், மூட்டு இறுகும், தசை மெலியும்.

சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் கட்டி நிறுத்தும் கொம்பு கட்டலும் உண்டு. பிடித்து, அசைத்துவிடும் தொக்கணமும் உண்டு. ஓய்வும் வேண்டும், அசைவும் வேண்டும்.

கருவியை மாற்றுங்கள்

* கரண்டி, கத்திக் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். இறுக்கிப் பிடிக்கத் தேவையிருக்காது.
* ஒரு விரல் மட்டும் நுழையும் காபிக் கோப்பை வேண்டாம். நான்கு விரலும் நுழையும் பிடியே நல்லது.
* பாட்டில் மூடியை ரப்பர் துண்டு வைத்துத் திறக்கலாம்.
* திருகும் குழாய்க்குப் பதில் நீளக் கைப்பிடிக் குழாய் போடலாம்.

யாருக்கு எச்சரிக்கை?

வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்த டாக்டர் பால் பிராண்ட் ஓர் உண்மையை வலியுறுத்தினார். உணர்ச்சி இல்லாத கைக்கு வலி தெரியாது. அளவுக்கு மீறி அழுத்தித் தன்னையே புண்ணாக்கிக்கொள்ளும். சர்க்கரை நோயால் கை மரத்தவர்களுக்கும் இது பொருந்தும். பட்டையைக் கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவந்த தழும்பு மறையாமல் இருந்தால் அந்தப் பட்டை வேண்டாம்.

இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்து விழிப்பு வருகிறதா? மணிக்கட்டில் நரம்பு அழுந்தியிருக்கலாம். இவர்களுக்கு இரவில் பட்டை போடுவது பலன் தரும். கட்டைவிரல் மேடு வற்றினாலோ, பொருள்கள் கை நழுவினாலோ, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மூட்டுகள் வீங்கி இறுகினாலோ எண்ணெய் தடவிக் காத்திருக்காதீர்கள்; மருத்துவரைப் பாருங்கள்.

பட்டை போட்டிருப்பவர்கள், மருத்துவர் தடுக்காவிட்டால், தினம் இரண்டு மூன்று வேளை அதைக் கழற்றி வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து, வலிக்காத அளவுக்கு விரல்களை மடக்கி நீட்டுங்கள். கை உங்களுடையது, பட்டை அதற்கு உதவியாள் மட்டுமே!