புதிய நினைவகம் பூட்டியபின் கணனி இயங்கவில்லையா?

நமது சேமிப்புக் கணக்கும் விதைநெற் கடன் பட்டியலும் இன்று பல இடங்களில் சங்கத்துக் கணனியிலேயே இருக்கின்றன. அது மெதுவாக ஓடுகிறதென்று கூடுதல் நினைவகம் (றாம்) வாங்கிப் பூட்டுகிறோம். பூட்டியதும் திரை கறுத்துவிடுகிறது. அல்லது கணனி இடையிடையே தானாக நின்று மீண்டும் தொடங்குகிறது. நீரிறைக்கும் இயந்திரத்தில் ஒரு பாகத்தை மாற்றியபின் அது நின்றால், நாம் முதலில் பார்ப்பது அந்தப் பாகத்தைத்தானே! இங்கும் அப்படியே.

நினைவகம் என்பது என்ன?

வன்தட்டு நமது நெற்களஞ்சியம். நினைவகம் சூடடிக்கும் களம். மின்சாரம் நின்றால் களம் வெறுமையாகும். களஞ்சியத்தில் உள்ளது அப்படியே இருக்கும். ஆகவே நினைவகத்தைக் கழற்றினால் கணக்குகள் அழிந்துவிடா. ஆனால் களத்தில் கல் கலந்தால் மூட்டையிலும் கல் சேரும். பழுதான நினைவகத்துடன் கணக்கெழுதினால், பிழையான இலக்கங்கள் வன்தட்டிலும் பதியக்கூடும். பழுதைக் கண்டுபிடிக்கும்வரை கணக்கெழுத வேண்டாம்.

செய்ய வேண்டியவை

1. மின்செருகியைக் கழற்றுங்கள். வர்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்னை நீக்குங்கள்.

2. நினைவகத்தின் வகையைப் பாருங்கள். டிடிஆர்3 வகைக்கு 1.5 வோல்ற், டிடிஆர்4 வகைக்கு 1.2 வோல்ற் தேவை. விளிம்பிலுள்ள வெட்டும் வேறிடத்தில் இருக்கும். பொருந்தாததை அழுத்திப் பூட்டாதீர்கள்.

3. பொன்னிற விளிம்பை மென்மையான அழிறப்பரால் துடைத்து, பக்கப் பிடிகள் பூட்டிக்கொள்ளும்வரை நேராக அழுத்துங்கள்.

4. இன்னும் இயங்காவிட்டால், புதியதைக் கழற்றிப் பழையதுடன் மட்டும் ஓடவிடுங்கள். பின்னர் புதியதை மட்டும் பூட்டிப் பாருங்கள். துளையையும் மாற்றிப் பாருங்கள். ஒரு தடவையில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள்.

5. கணனி இயங்கினால், விண்டோஸிலேயே உள்ள ‘மெமரி டயக்னோஸ்டிக்’ சோதனையை ஓட்டுங்கள். பிழை காட்டினால், அந்த நினைவகத்தை வாங்கிய கடையில் பற்றுச்சீட்டுடன் கொடுத்து மாற்றுங்கள்.

6. 8 ஜிகாபைட் பூட்டியும் 4 வரையே பயன்பட்டால், அது பழுதாக இல்லாமலும் இருக்கலாம். 32 பிற் விண்டோஸ் வீட்டுக் கணனிகளில் 4 ஜிகாபைட்டுக்கு மேல் பயன்படுத்தாது.

இவற்றுக்கெல்லாம் முன்னர், கணனி சரியாக ஓடும்போதே கணக்குகளைப் பென் டிரைவில் பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள். காணி உறுதியை இழந்து இடம்பெயர்ந்த நமக்கு ஒரு பிரதியின் பெறுமதியை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கூடிப் பேசுவோம்: நமது சங்கக் கணக்குகளின் பிரதி இன்று யாரிடம் இருக்கிறது?