லைன் நின்றால் எங்கிருந்து பார்ப்பது?
(கடைக்காரர்களுக்கு ஒரு பாடம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

செமிலிங், பீடோங், மெர்போக் வட்டாரங்களில் கடை நடத்தும் நம்மவர்களில் அநேகர் இன்று பற்று வரவு, சரக்குக் கணக்கு, பேங்கு வேலை யாவற்றையும் கணினியிலேயே வைத்திருக்கிறோம். பகலில் கடையில் பாதி, இரவில் வீட்டில் பாதி என்று வேலை நடக்கிறது. இணையம் நின்றுவிட்டாலோ, "லைன் போய்விட்டது பாய், வந்து பாருங்கள்" என்று சுங்கைப்பட்டாணிக்குப் போன் போடுகிறோம். வருகிறவர் சில சமயம் கழன்ற ஒயரைச் செருகிவிட்டுக் கூலி வாங்கிப் போகிறார். அது பணத்தோடு போயிற்று. வேறு சில சமயம் கணினியை அடியோடு துடைத்து, ‘ஃபார்மட்’ செய்து தந்துவிடுகிறார். அதோடு தோட்டத்து மக்களின் கடன் கணக்கும் போய்விடுகிறது. இது பணத்தோடு போகிற காரியம் அல்ல. ஆகையால் கோளாறைத் தேடும் முறையையும் கணக்கைக் காக்கும் முறையையும் இங்கே சுருக்கமாக எழுதுகிறேன்.

ஷாஃபி மத்ஹபின்படி ஒளுவின் பர்ளுகள் ஆறு என்று மதரஸாவில் ஓதியிருக்கிறோம். ஆறாவது பர்ளு தர்த்தீபு; அதாவது முன்னதை முன்னும் பின்னதைப் பின்னும் செய்வது. கோளாறு தேடுவதற்கும் இந்த ஒழுங்குதான் வேண்டும். லைன் வீட்டுக்குள் வரும் சுவரிலிருந்து தொடங்கிக் கணினி வரையில் ஒவ்வொன்றாகப் பார்த்து வரவேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். நான்கை ஒன்றாக மாற்றினால், சரியான பிறகும் எதனால் சரியாயிற்று என்பது விளங்காது.

முதலாவது: கோளாறு லைனிலா, கணினியிலா என்று பிரித்தறிய வேண்டும். கைப்பேசியில் சிம் கார்டின் டேட்டாவை நிறுத்திவிட்டு, வைஃபையில் மட்டும் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால் லைன் சரி, கோளாறு கணினியில்தான். திறக்காவிட்டால் கணினியைத் தொடவே வேண்டாம். இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும்.

இரண்டாவது: மோடத்தின் விளக்குகளைப் பார்க்க வேண்டும். டெலிகாம் மலேசியா 2010-ஆம் ஆண்டில் ‘யூனிஃபை’ சேவையைத் தொடங்கியது. இதில் கண்ணாடி இழை வழியாக ஒளிதான் செய்தியைக் கொண்டுவருகிறது. மோடத்தில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் அந்த ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். அரிசி மூட்டைக்குப் பின்னால் இழை மடங்கி நசுங்கியிருக்கலாம், எலி கடித்திருக்கலாம், தெருவிலேயே அறுந்திருக்கலாம். மடங்கியிருந்தால் மெதுவாக நிமிர்த்தி விடுங்கள். ஆனால் இழையைக் கழற்றி அதன் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கக் கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக் கூடியது. சிவப்பு மாறாவிட்டால் லைன் கொடுத்த கம்பெனிக்கே புகார் சொல்ல வேண்டும். யூனிஃபைக்கு 100 என்ற எண். வேறு ஆளைக் கூப்பிடுவதால் பயனில்லை.

மூன்றாவது: விளக்குகள் சரியாக இருந்தும் இணையம் வராவிட்டால், மோடம், ரூட்டர் இரண்டின் மின்சாரத்தையும் நிறுத்தி ஒரு நிமிடம் பொறுங்கள். பிறகு மோடத்தை முதலில் போட்டு, விளக்குகள் நிலைக்கும் வரை இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து, அடுத்து ரூட்டரைப் போடுங்கள். இங்கேயும் தர்த்தீபு உண்டு. ரூட்டரின் பின்னால் உள்ள சிறு துளையில் ஊசியை விட்டு அழுத்தக் கூடாது. அது திரும்ப ஓட வைக்கும் பொத்தான் அல்ல. உள்ளே எழுதி வைத்திருக்கும் பெயர், இரகசியச் சொல் யாவற்றையும் அழித்துவிடும் பொத்தான்.

நான்காவது: மோடத்தருகே வேகமாகவும் தள்ளிப் போனால் மெதுவாகவும் இருந்தால், குற்றம் ரூட்டர் வைத்த இடத்தில். இரும்பு அலமாரி, குளிர்பெட்டி, மீன் தொட்டி ஆகியவை வைஃபை அலையைத் தடுக்கும். ரூட்டரை உயரமாக, நடுவில் வைக்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும், 2.4 சற்று மெதுவானது, ஆனால் தூரம் போகும். கல்லாவில் உள்ள கணினிக்கு ஒயரே இழுத்துவிடுவது மேல். 100 மீட்டர் வரை அந்த ஒயர் நன்றாக வேலை செய்யும்.

ஐந்தாவது: லைன் சரி, கணினி மட்டும் பிடிக்கவில்லையென்றால் அதன் நெட்வொர்க் விவரத்தைப் பாருங்கள். முகவரி 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். வைஃபையைத் துண்டித்து மறுபடி சேருங்கள். ஒயராக இருந்தால் ஒயரை மாற்றிப் பாருங்கள். இணையம் வந்தும் பேங்குப் பக்கம் ‘பாதுகாப்பில்லை’ என்று மறுத்தால், கணினியின் தேதியைப் பாருங்கள். இரவில் அணைத்துக் காலையில் போடும்போதெல்லாம் தேதி பழைய வருஷத்துக்கு ஓடினால், உள்ளே இருக்கும் சி.ஆர். 2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். அதற்குச் சில வெள்ளிதான் செலவு. கணினியைத் துடைக்க வேண்டியதில்லை.

மழைக்காலம் மாறும் மாதங்களில் நம் பக்கத்தில் மாலை நேர இடி கடுமையாக இருக்கும். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது என்றாலும் மின்சார ஒயர் வழியாக மின்னல் வந்து மோடத்தையும் கணினியையும் எரித்துவிடும். வானம் இருண்டதும் செருகிகளைக் கழற்றி விடுங்கள்.

திடீரென்று திரையில் ‘உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணுக்குப் போன் செய்’ என்று வந்தால் அது மோசடி. கணினியைத் தூரத்திலிருந்து இயக்க யாருக்கும் அனுமதி கொடுக்க வேண்டாம். ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே பேங்குக்கும் 997 என்ற எண்ணுக்கும் சொல்லுங்கள். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

இனி எல்லாவற்றிலும் பெரிய காரியம். திருக்குர்ஆனில் மிக நீண்ட ஆயத்து, பகரா சூராவின் 282-ஆவது ஆயத்து, கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுத்து அழிந்தால், கொடுக்க வேண்டியவர் கொடுக்காமல் போவது ஒரு நஷ்டம். ஆனால் கொடுத்துத் தீர்த்த ஏழையிடம் ஞாபகப் பிசகால் நாம் மறுபடி கேட்பது அநீதி. கணக்கு நம் சொத்து மட்டுமல்ல; பிறர் ஹக்கும் அதில் இருக்கிறது; அது அமானிதம்.

2017 மே மாதத்தில் ‘வன்னாகிரை’ என்னும் கிருமி 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. போடாதவர்களே பெரும்பாலும் அகப்பட்டனர். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதை வைத்திருப்பவர்கள் மாற்ற வழி பார்ப்பது நல்லது.

ஆகவே வாரத்துக்கு ஒரு நாள், வெள்ளிக்கிழமை என்று வைத்துக் கொள்ளுங்கள், கணக்கைத் தனி டிஸ்க்கில் பிரதி எடுங்கள். எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றி விடுங்கள். செருகியே வைத்திருந்தால் கிருமி அதையும் பூட்டிவிடும். ஒரு பிரதி கடையிலும் மற்றொன்று வீட்டிலும் இருக்கட்டும். மாதம் ஒரு தடவை பிரதியைத் திறந்து, இரண்டு பேர் பற்றைச் சரிபாருங்கள். திறக்காத பிரதி பிரதியல்ல. கணினியைப் பழுது பார்க்கக் கொடுக்குமுன், ‘பிரதி இருக்கிறதா?’ என்று உங்களையே கேளுங்கள். இல்லையென்றால், ‘கணக்கை எடுத்துத் தந்த பிறகே துடைக்க வேண்டும்’ என்று சொல்லிக் கொடுங்கள்.

நம் கொடுக்கல் வாங்கலை நேர்மையாகவும் பரக்கத்தாகவும் ஆக்கி வைக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.